பேசுவதா, எழுதுவதா? சிறுதொழில் நடத்துபவர் வாடிக்கையாளரை அணுகும் நான்கு வழிகள்

பில் அனுப்பி ஐந்து வாரம் ஆகிவிட்டது. பணம் வரவில்லை. போனைக் கையில் எடுக்கிறீர்கள். அழைத்தால் அவர் ஏதாவது வேலையில் இருப்பாரோ என்று தயக்கம். வாட்ஸ்அப்பில் கேட்டால் மரியாதைக் குறைவாகப் படுமோ என்று இன்னொரு தயக்கம். மின்னஞ்சல் அனுப்பினால் வக்கீல் நோட்டீஸ் போல இருக்குமே என்ற எண்ணம். கடைசியில் போனைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறீர்கள். ஆறாவது வாரம் தொடங்கிவிடுகிறது.

சிறுதொழில் செய்யும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் சிக்கல் இது. பெரிய நிறுவனத்தில் விற்பனைக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர், புகாருக்கு ஒருவர் இருப்பார்கள். நம்மிடம் எல்லாம் ஒரே ஆள், பல நேரம் ஒரே போன். காலையில் சிரித்துப் பேசி ஆர்டர் வாங்கிய அதே குரல்தான் மாலையில் பாக்கி கேட்க வேண்டும். அதனால் எந்த வழியில் பேசுவது என்பதே நமக்குத் தனியாக யோசிக்க வேண்டிய வேலையாகிவிடுகிறது.

பல ஆண்டுகள் சிறிய அச்சகம் நடத்தியதில் நான் பிடித்துவைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பேச்சு முடிந்த பிறகு கையில் என்ன மிஞ்ச வேண்டும்? எண்ணும் தேதியும் மிஞ்ச வேண்டுமென்றால் எழுத்து. வாடிக்கையாளரின் மனம் ஆறியிருக்க வேண்டுமென்றால் குரல். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் குரல், உடனே எழுத்து.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பதிவு. மூன்று மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஒருவர் சொன்னால் எடுத்துக் காட்ட ஏதாவது இருக்கிறதா?

அடுத்தது தொனி. நாம் பணிவாகச் சொன்னது அவர் காதில் பணிவாகவே விழுகிறதா, அதட்டலாக விழுகிறதா?

மூன்றாவது, யாருடைய நேரம் செலவாகிறது. போன் அவரை அந்த நொடியே நிறுத்திவைக்கிறது. எழுத்து அவர் ஒழிந்த நேரத்துக்குக் காத்திருக்கிறது.

நான்காவது, தவறிச் சொல்லிவிட்டால் திருத்த வழி உண்டா என்பது.

கடைசியாக மறைந்திருக்கும் செலவு. எதுவும் செலவில்லாமல் வருவதில்லை. பயணம், காத்திருப்பு, இரவு பதினொரு மணிக்கு வரும் மெசேஜ் எல்லாமே செலவுதான்.

## நேர்ச் சந்திப்பு

பெரிய ஆர்டர், புதிய வாடிக்கையாளர், முறிந்துபோகும் நிலையில் இருக்கும் பழைய உறவு. இந்த மூன்றுக்கும் நேரில் போவதற்கு ஈடு கிடையாது. மாதிரியைக் கையில் கொடுத்து, அவர் அதைத் தடவிப் பார்க்கும்போது முகத்தைப் பார்த்தாலே பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அவர் வாய் திறப்பதற்குள் நாம் அடுத்த மாதிரியை எடுத்துவிடலாம்.

வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மற்றதெல்லாம் குரலும் உடல்மொழியும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து எடுத்த எண் அது. சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, பேசுபவரின் விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எதை வைத்து முடிவுசெய்கிறார் என்பதுதான் அவர் ஆராய்ந்தது. விலையும் விநியோக நாளும் சொல்லும் பேச்சுக்கு அது பொருந்தாது. அங்கே வார்த்தைதான் எல்லாம். ஆகவே நேரில் போனாலும் குறிப்பேட்டோடு போங்கள். பேசியதை அவர் கண்ணெதிரிலேயே எழுதி, எழுந்திருப்பதற்கு முன் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

மறைந்திருக்கும் செலவு, நீங்கள் தொழிலிடத்தில் இல்லாத அந்த அரை நாள். உதவிக்கு ஆள் இல்லாதவருக்கு அது பெரிய இழப்பு. இன்னொன்றும் உண்டு. நேரில் இருக்கும்போது "சரி, குறைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடும் வாய்ப்பு அதிகம். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் மறுப்பது கடினம். எவ்வளவு வரை இறங்கலாம் என்பதைக் கிளம்பும் முன்பே காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டால் இந்தச் செலவு பாதியாகும்.

வீடியோ அழைப்பை நேர்ச் சந்திப்புக்கு மாற்றாக நினைக்கிறோம். பாதி சரி. மனிதர்கள் உரையாடும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. இணையம் மெதுவானால் அந்த இடைவெளி நீளும். நாம் விலை சொன்னதும் விழும் அந்தச் சிறு மௌனத்தை அவருடைய தயக்கம் என்று எடுத்துக்கொண்டு, அவசரப்பட்டு விலையைக் குறைத்துவிடக்கூடாது. விலை சொன்ன பிறகு மூன்று எண்ணும் வரை பேசாமல் இருங்கள்.

## போன்

சங்கடமான செய்தி எதுவானாலும் என் கை முதலில் போனைத்தான் தேடும். தாமதம், தவறு, மன்னிப்பு. குரலில் இருக்கும் அக்கறையை எழுத்தில் கொண்டுவர நல்ல எழுத்தாளராக இருக்க வேண்டும். குரலில் கொண்டுவர உண்மையான அக்கறை இருந்தால் போதும்.

ஆனால் எண்களை நம்பிப் போனில் விடக்கூடாது. இதை நான் கற்றுக்கொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் போனில் ஆர்டர் சொன்னார். பக்கத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. என் குறிப்பேட்டில் "எழுநூறு பிரதி" என்று எழுதினேன். சரக்கை எடுத்துக்கொண்டு போனபோது அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "எண்ணூறு அல்லவா சொன்னேன்?" என்றார். அவர் பொய் சொல்பவர் இல்லை. நானும் இல்லை. எழுநூறும் எண்ணூறும் இரைச்சலில் ஒன்றாகத்தான் கேட்கும். நூறு பிரதிக்காக மறுபடி தகடு ஏற்றி, மை சரிபார்த்து, இயந்திரத்தை ஓட்டினேன். செலவு என்னுடையது.

தப்பு காதில் மட்டும் இல்லை. பழைய தொலைபேசித் தடம் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. "ஸ", "ஃப" போன்ற ஒலிகளை வேறுபடுத்திக் காட்டும் மேல்பகுதி அதில் வெட்டுப்பட்டுப் போகிறது. விமானிகள் வானொலியில் "நைன்" என்பதை "நைனர்" என்று நீட்டிச் சொல்வதும், கேட்ட ஆணையைத் திருப்பிச் சொல்வதும் இப்படிப்பட்ட குழப்பத்தைத் தவிர்க்கத்தான். நமக்கும் அதுவே வழி. எண்ணைக் கேட்டவுடன் இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள்: "எட்டு, பூஜ்யம், பூஜ்யம். எண்ணூறு பிரதி. சரிதானே?" அன்றிலிருந்து நான் இப்படிக் கேட்காமல் போனை வைத்ததில்லை.

அழைப்பதற்கு முன் இரண்டு வரி எழுதிக்கொள்வதும் நல்லது: எதற்காக அழைக்கிறேன், எதைத் தெரிந்துகொண்டு போனை வைக்க வேண்டும். முதல் வரியை அப்படியே அவரிடம் சொல்லிவிடலாம். "வெள்ளிக்கிழமை தர வேண்டிய வேலை பற்றி ஒரு விஷயம். இரண்டு நிமிடம் பேசலாமா?" நலம் விசாரித்து, சுற்றி வளைத்து, பத்தாவது நிமிடத்தில் விஷயத்துக்கு வந்தால், அந்தப் பத்து நிமிடமும் அவர் என்ன கெட்ட செய்தியோ என்று காத்திருந்திருப்பார்.

## வாட்ஸ்அப்

இப்போது பெரும்பாலான சிறுதொழில்கள் இதில்தான் நடக்கின்றன. வேகம், படம் அனுப்பும் வசதி, எழுத்துப்பதிவு மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வரவேற்புச் செய்தி, தொழில் நேரம் முடிந்தபின் தானாகப் போகும் பதில், அடிக்கடி அனுப்பும் வாசகங்களைச் சேமித்து வைத்தல், வாடிக்கையாளர்களுக்கு லேபிள் ஒட்டுதல் எல்லாம் உண்டு. தனி எண்ணில் அதை நிறுவிக்கொள்வது தொழில் செய்யும் எவருக்கும் என் முதல் பரிந்துரை. குடும்பக் குழுவில் போக வேண்டிய படம் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேராமல் இருக்கவாவது இது வேண்டும்.

இதன் மறைந்திருக்கும் செலவுகள் மற்ற மூன்றையும்விட அதிகம்.

முதலாவது நீல டிக். 2014 நவம்பரில் அது வந்ததிலிருந்து, படித்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது அவமதிப்பாகிவிட்டது. நாம் இயந்திரத்தின் முன்னால் நின்றபடி மெசேஜைத் திறந்து பார்த்து, பிறகு பார்க்கலாம் என்று விட்டிருப்போம். அவருக்குத் தெரிவது இரண்டு நீலக் கோடு மட்டுமே. அமைப்பில் போய் அதை நிறுத்திவைக்கலாம். அதைவிட நல்லது, "பார்த்துவிட்டேன், மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்கிறேன்" என்ற ஒரு வரியைத் தயாராக வைத்திருப்பது.

இரண்டாவது, பதிவு இருக்கிறது என்ற பொய்யான நிம்மதி. மறையும் செய்திகள் என்ற வசதியை ஒருவர் போட்டுவைத்திருந்தால் அதன்பிறகு வரும் செய்திகள் குறித்த காலத்தில் காணாமல் போய்விடும். அனுப்பியவர் ஏறக்குறைய இரண்டு நாள் வரை எல்லோருக்குமாக அழிக்கலாம். 15 நிமிடம் வரை திருத்தலாம். போன் தொலைந்து, காப்புப்பிரதியும் எடுக்காமல் இருந்தால் எல்லாம் போயிற்று. விலை, அளவு, தேதி அடங்கிய மெசேஜை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த வாடிக்கையாளர் பெயரிலான கோப்பில் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, துண்டு துண்டாக எழுதும் பழக்கம். "வணக்கம்" என்று ஒன்று. பிறகு "சார்". பிறகு "ஒரு சந்தேகம்". அவருடைய போன் மூன்று முறை ஒலித்து, இன்னும் விஷயம் வந்து சேரவில்லை. முழுதாக எழுதி ஒரே மெசேஜாக அனுப்புங்கள். குரல் பதிவை நான் தொழிலுக்குப் பரிந்துரைப்பதில்லை. சொல்பவருக்கு எளிது, கேட்பவருக்குச் சுமை. கூட்டத்தில் இருப்பவர் கேட்க முடியாது. பிறகு தேடினால் எந்தப் பதிவில் என்ன விலை சொன்னோம் என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

கோபத்துக்கும் கண்டிப்புக்கும் இது ஆகவே ஆகாது. 2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தாம் எழுதியது கிண்டலா, மெய்யா என்பதைப் படிப்பவர் கண்டுகொள்வார் என்று எழுதியவர்கள் பெரிதும் நம்பினார்கள். மின்னஞ்சலில் படித்தவர்களின் கணிப்போ காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலாக இருந்தது. குரலில் கேட்டவர்கள் அதைவிட நன்றாகவே கண்டுகொண்டார்கள். அவசரமாகத் தட்டும் குறுஞ்செய்திக்கு இது இன்னும் பொருந்தும் என்பது என் அனுபவம்.

## மின்னஞ்சல்

விலைப்புள்ளி, ஒப்பந்தம், பில், விலை உயர்வு அறிவிப்பு. ஆறு மாதம் கழித்துத் தேட வேண்டியிருக்கும் எதற்கும் இதுவே இடம். நிறுவனங்களோடு வேலை செய்பவருக்கு மாற்றே இல்லை. நம்மிடம் பேசுபவர் தன் மேலாளருக்கும் கணக்குப் பிரிவுக்கும் அதை அப்படியே அனுப்ப வேண்டியிருக்கும்.

தலைப்பு வரியிலேயே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். "விவரம்" என்றோ "ஆர்டர் தொடர்பாக" என்றோ எழுதினால் யாரும் திறக்க மாட்டார்கள். "விலைப்புள்ளி எண் 38: 500 பிரதி, ஜூன் 20க்குள் உறுதி தேவை" என்று எழுதினால், திறக்காமலே அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

செலவு? ஸ்பேம் பெட்டி. அனுப்பினோம் என்ற நிம்மதியில் நாம் இருப்போம், கடிதமோ அவர் திறந்தே பார்க்காத அந்தப் பெட்டியில் கிடக்கும். சொந்தப் பெயரில் இணைய முகவரி வைத்திருப்பவர்கள், அமைத்துத் தந்தவரிடம் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் போடப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள். அனுப்பியவர் உண்மையானவர்தானா என்று பெறும் பக்கம் சரிபார்க்கும் முறைகள் அவை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் இவற்றைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன. ஜிமெயிலில் இணைப்பின் உச்ச அளவு 25 எம்பி. அனுப்பியதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 30 நொடி தருகிறது; அமைப்பில் போய் அதை 30 என்று மாற்றிவைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்எஸ் பற்றியும் ஒரு சொல். "உங்கள் சரக்கு தயார்" போன்ற ஒற்றை வரி அறிவிப்புக்கு இன்றும் நல்லது. இணையம் இல்லாத போனுக்கும் போகும். ஆனால் ஆங்கிலத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு செய்தி தமிழில் 70 குறிகளையே கொள்ளும். புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், ஐந்தெழுத்துள்ள "வணக்கம்" ஏழு இடத்தை எடுத்துக்கொள்கிறது. மொத்தமாக அனுப்புபவர்கள் ஒரு செய்தி என்று நினைத்து மூன்று செய்திக்குக் கட்டணம் கட்டுவது இதனால்தான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேரில் | போன் | வாட்ஸ்அப் | மின்னஞ்சல் |
|---|---|---|---|---|
| பதிவு | நாம் எழுதினால்தான் | நாம் எழுதினால்தான் | உண்டு, அழியக்கூடும் | உறுதியானது |
| தொனி | முழுதாகத் தெரியும் | பெரும்பாலும் தெரியும் | எளிதில் திரியும் | எளிதில் திரியும் |
| அவருடைய நேரம் | மிக அதிகம் | அந்த நொடியே வேண்டும் | ஒழிந்தபோது | ஒழிந்தபோது, தாமதமாகலாம் |
| திருத்த வழி | உடனே | உடனே | 15 நிமிடம் | 30 நொடி, அதன்பின் இன்னொரு கடிதம் |
| மறைந்த செலவு | அரை நாள், இறங்கிப்போகும் விலை | தவறிக் கேட்ட எண் | எந்நேரமும் வரும் எதிர்பார்ப்பு | ஸ்பேம் பெட்டி |
| பொருத்தமான இடம் | புது உறவு, பெரிய வேலை | தாமதம், தவறு, மன்னிப்பு | மாதிரிப் படம், சிறு உறுதி | விலை, பில், விதிமுறை |

## எந்தச் சூழலில் எது

விலைப்புள்ளி. மின்னஞ்சல். எது அடக்கம், எது அடக்கமில்லை, எத்தனை நாள் செல்லும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். அனுப்பிய பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "விலைப்புள்ளியை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்."

தாமதம். போன், அதுவும் கெடு நாளுக்கு முன்பே. காரணத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொண்டு புதிய தேதிக்கு வந்துவிடுங்கள். காகிதம் வரவில்லை, ஆள் வரவில்லை என்று நீட்டினால், அவர் கேட்க விரும்பும் ஒரே தகவலைத் தள்ளிப்போடுகிறீர்கள். வைத்தவுடன் அந்தத் தேதியை எழுத்தில் அனுப்புங்கள். புதிய தேதியும் தவறினால் மன்னிப்புக்கு மதிப்பே இருக்காது என்பதால், உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததைவிட ஒரு நாள் கூட்டியே சொல்லுங்கள்.

கோபமான புகார். பெரும்பாலும் இரவில், வாட்ஸ்அப்பில், படத்தோடு வரும். அந்த இடத்திலேயே வாதம் செய்யாதீர்கள். "படத்தைப் பார்த்தேன். இப்படி வந்திருக்கக் கூடாது. காலை பத்து மணிக்கு உங்களை அழைக்கிறேன்" என்று மட்டும் எழுதுங்கள். பத்து மணிக்குச் சரியாக அழையுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று முடிவானதும் அதை மூன்று வரியில் எழுதி அனுப்புங்கள்.

விலை உயர்வு. எல்லோருக்கும் மின்னஞ்சல் அல்லது கடிதம், முன்கூட்டியே. எந்தத் தேதியிலிருந்து, ஏற்கெனவே உறுதியான ஆர்டர்களுக்குப் பழைய விலையா என்பது முதல் பத்தியிலேயே இருக்கட்டும். நெடுநாள் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அது போகும் முன் நீங்களே போன் செய்து சொல்லுங்கள்.

பாக்கி. தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். பலரும் அனுப்புவது இது: "சார், அந்தப் பணம் கொஞ்சம் பாருங்கள்." எந்தப் பணம், எவ்வளவு, எப்போது? அவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தேட நேரமில்லாதவர் தள்ளிப்போடுவார். நான் எழுதுவது இப்படி, மின்னஞ்சலிலும் அதையே வாட்ஸ்அப்பிலும்:

"வணக்கம் ஐயா. மார்ச் 3 தேதியிட்ட பில் எண் 214க்கான தொகை இன்னும் வந்து சேரவில்லை. கெடு ஏப்ரல் 2 அன்று முடிந்தது. பில்லின் நகலை இணைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம் என்று தெரிவித்தால் அதற்கேற்ப என் கணக்கை அமைத்துக்கொள்வேன். பில்லில் தவறு ஏதும் இருந்தால் சொல்லுங்கள், இன்றே திருத்தி அனுப்புகிறேன்."

இதில் நான் பணம் கேட்கவில்லை, தேதி கேட்கிறேன். தேதி சொல்வது பணம் தருவதைவிட எளிது, ஆனால் சொன்ன தேதி அவரையே கட்டிப்போடும். கடைசி வாக்கியம் அவருக்கு ஒரு கௌரவமான கதவு. பில்லில் உண்மையாகவே ஏதோ இடித்து, சொல்லத் தயங்கிக்கொண்டிருப்பவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வருவார்கள். "இடையூறுக்கு மன்னிக்கவும்" என்று எழுதுவதில்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்பது இடையூறு ஆகாது.

மூன்று வேலை நாள் பதில் இல்லையென்றால் போன் செய்யுங்கள், காலை வேளையில். "செவ்வாய்க்கிழமை ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தேன், பார்த்தீர்களா?" என்று தொடங்குங்கள். அவர் தேதி சொன்னதும் அதைத் திருப்பிச் சொல்லுங்கள். போனை வைத்த கையோடு எழுதுங்கள்: "பேசியதற்கு நன்றி ஐயா. பில் எண் 214க்கான தொகை ஏப்ரல் 18 அன்று வரும் என்று குறித்துக்கொண்டேன்."